பழைய டெஸ்க்டாப்புக்கும் ரேம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டரின் வேலை நினைவகமான ரேமின் விலையேற்றம் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் புது லேப்டாப் வாங்குகிறவர்களின் கவலையைத்தான் பேசுகின்றன. பழைய டெஸ்க்டாப்பை வைத்தே காலம் தள்ளுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். கும்பகோணத்தில் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

மெமரி சிப் தயாரிக்கும் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், 'குரூஷியல்' என்ற பெயரில் 29 ஆண்டுகளாக நடத்திவந்த ரேம் சில்லறை வியாபாரத்தைக் கைவிடுவதாக 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. டேட்டா சென்டர்களின் தேவை பெருகிவிட்டதால், இனிப் பெரிய வாடிக்கையாளர்களுக்கே முன்னுரிமையாம். கணக்கு புரிகிறது. ஏஐ செர்வர்களுக்கான எச்பிஎம் என்ற அதிவேக மெமரியில் சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். புதுக் கம்ப்யூட்டர்களில் வரும் சாதாரண ரேமான டிடிஆர்5-இல் அதே கொள்ளளவுக்கு ஆவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் அதற்குப் போகிறது. லாபமும் அதில்தான் கூடுதல். இந்த இரண்டு வகையும் சேர்ந்த 'டிராம்' (DRAM) மெமரியில் உலக அளவில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என மூன்றே கம்பெனிகள்.

கணினித் தயாரிப்பாளர்களுக்கு மைக்ரான் மெமரி தொடர்ந்து போகும். ஆகவே புது மெஷின் வாங்குபவருக்கு அது உள்ளேயே வந்துவிடும். ஒற்றை ரேம் வாங்கிச் செருகிக்கொள்பவருக்குத்தான் கடையில் ஒரு நல்ல சரக்கு இல்லாமல் போகிறது. செர்வர் ரேம் மிஞ்சினால் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். செர்வருக்கென்றே செய்யப்படும் 'ரிஜிஸ்டர்டு' வகை ரேம் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் வேலை செய்யாது.

சமீபத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு டெஸ்க்டாப்புகள், எல்லாவற்றிலும் 4 ஜிபி. "ஆன் பண்ணிட்டு அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சாலும் திறந்திருக்காது சார்" என்றார் டீச்சர். ஒன்றைத் திறந்து தூசி தட்டினேன். செத்துப்போன மெஷினிலிருந்து கழற்றி வைத்திருந்த 4 ஜிபி ரேமின் தங்கநிறக் கால்களை அழிரப்பரால் தேய்த்து, காலி ஸ்லாட்டில் வைத்து அழுத்தினேன். இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று விழுந்தன. அந்த மெஷின் சுறுசுறுப்பாகத் திறந்ததைப் பார்த்துவிட்டு டீச்சர் மீதிப் பதினொன்றையும் காட்டினார். போன வருடத்து விலை இன்று இல்லை; இன்றைய விலையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்துவிட்டது. புது விண்டோஸுக்கு மாற வேண்டுமானால் ரேம் கூட்டுவதைத் தள்ளிப்போடவும் முடியாது.

மைக்ரானின் மெமரி அசெம்பிளி ஆலை குஜராத்தின் சானந்தில் இருக்கிறது. 2023-இல் அறிவித்தபோது திட்டச் செலவு 275 கோடி டாலர் வரை. அதில் பாதி மத்திய அரசின் உதவி, மேலும் 20 சதவீதம் குஜராத் அரசின் ஊக்கத்தொகை. நூற்றுக்கு எழுபது நம் வரிப்பணம். அங்கிருந்து வெளிவரும் மெமரியில் ஒரு பங்கு இந்தியச் சில்லறைக் கடைகளுக்கும், முதலில் பள்ளிகளுக்கும் வர வேண்டும் என்று கேட்க மத்திய அரசுக்கு முழு உரிமை உண்டு. நமது எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்,
கும்பகோணம்.