ஆவுளியாவுக்காக அறுத்த வலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது தெரிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். கஜா புயலில் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகளில் நாலு பாளை விட்டிருக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை விடியலில் அண்ணன் மகனோடு கடலில் விரித்த வலையை இழுக்கப் போனேன். வலை கனத்தது. திருக்கை என்று நினைத்து இழுத்தால், ஆவுளியாக் குட்டி, அதுதான் கடற்பசு! ஓர் ஆள் நீளம் இருக்கும். மூச்சுக்கு மேலே வர முடியாமல் வலைக்குள் சுருண்டு கிடந்தது. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற உயிர், எவ்வளவு நேரம் தாங்கும்? நான் வாய் திறப்பதற்குள் பையன் கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டான். புது வலை மாப்பிள்ளை. தலை வெளியே வந்ததும் மூடி திறந்ததுபோல மூக்குத் துளைகள் விரிந்து, புஸ்ஸென்று ஒரு மூச்சு. என் முகமெல்லாம் தண்ணீர். வாலை ஒருமுறை அடித்துவிட்டு உள்ளே போய்விட்டது.

நம் சின்ன வயதில் இப்படி ஒன்று மாட்டினால் என்ன நடக்கும்? தெரு முழுக்கக் கறி பங்கு போகும். நாமும் தின்றோம். பல வருஷத்துக்கு ஒரு குட்டி போடுகிற உயிர் அது. நினைத்தால் இப்போது மனசு வலிக்கிறது.

2022 செப்டம்பரில் நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே இதுதான் முதல். பிழைக்கவிட்டவர்களுக்கு வனத்துறை பணமும் தருகிறது. அது வேண்டியதுதான், வலை என்ன விலை! ஆனால் கத்தியை எடுத்த நேரத்தில் பையன் பணத்தை நினைக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் கவலை கடற்புல்லைப் பற்றித்தான். ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் மேயும். நம் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வதும் அந்தப் புல்லுக்குள்தான். விசைப்படகு இழுக்கிற இழுவைமடி வலை ஒருமுறை ஓடினால் வேரோடு வாரிக்கொண்டு போகிறது. அந்தப் படகுகள் கரையோரம் வரக்கூடாது என்று சட்டம் இருந்தும் ராத்திரியில் வருகிறார்கள். நாங்கள் கண்ணால் பார்த்து, ஊர்க்கூட்டத்தில் பேசி, அந்தப் படகுகளின் ஊர்க்காரர்களிடமே போய்ச் சொன்னால்தான் கொஞ்சம் அடங்குகிறது. புல் அழிந்த இடத்தில், மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க்கயிறு கட்டி, அதில் புல்லைக் கோத்துக் கடலடியில் இறக்குகிறார்கள். கயிறு கட்ட நானும் போனேன். கை காய்த்துவிட்டது, ஆனால் வேர் பிடித்திருக்கிறதாம்!

சரி, சித்திரை முடிவில் வா. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், தண்ணீர் தெளிந்து கிடக்கும். அந்தப் புல்லைப் படகிலிருந்தே காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்