எடைக்குறைப்புக் கட்டுரைகளில் விடுபட்டுப்போவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற உரிமையிலும், உடற்பயிற்சி கற்றுத்தரும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற பொறுப்பிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். எடைக்குறைப்பைப் பற்றி அப்பக்கத்தில் வெளிவரும் கட்டுரைகளுள் பெரும்பாலானவை, இத்தனை நாளில் இத்தனை கிலோ என்ற கணக்கில் தொடங்கி அந்தக் கணக்கிலேயே முடிந்துவிடுகின்றன. உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்காமல் அந்த எண்ணை மட்டும் முன்வைப்பதால், நல்ல முறையில் முயன்றுகொண்டிருக்கும் ஒருவர்கூடத் தான் தோற்றுவிட்டதாக எண்ணி முயற்சியைக் கைவிட நேர்கிறது. இப்படிக் கைவிட்டவர்கள் பலரை நான் நேரில் அறிவேன். அவர்களில் ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை.

முதல் வாரத்தில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். உணவை, குறிப்பாக மாவுச்சத்தைத் திடீரென்று குறைப்பவருக்கு ஒரே வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ இறங்கிவிடுவதுண்டு. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் சர்க்கரை, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரையும் சேர்த்து வைத்திருப்பதால், அந்த இருப்பு செலவாகும்போது நீரும் உடன் வெளியேறுகிறது. எடைக் கருவி காட்டும் இறக்கத்தில் பெரும்பகுதி அந்த நீர்தான். உடலில் சேர்ந்த கொழுப்பில் ஒரு கிலோ கரைவதற்கு ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்பவருக்கு அதற்கே பதினைந்து நாள் பிடிக்கும். அதன் பிறகும் அதே வேகம் நீடிப்பதில்லை. எடை குறைந்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவு என்பதாலும், பற்றாக்குறையை உணர்ந்த உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டு பசியைக் கூட்டுவதாலும், சில மாதங்களில் இறக்கம் மெதுவாகி ஒரு கட்டத்தில் நின்றும் போகிறது. இந்தத் தேக்கம் எல்லோருக்கும் வருவது, எதிர்பார்க்க வேண்டியது என்று ஒரு கட்டுரையாவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், எத்தனையோ பேர் அந்த இடத்தில் மனமுடைந்து விலகியிருக்க மாட்டார்கள்.

அடுத்ததாக, உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் உரிய பங்கைப் பிரித்துச் சொல்லாமல் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதும் வழக்கம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 250 முதல் 300 கலோரி. அதை ஐந்து நிமிடத்தில் உண்டு ஈடுசெய்துவிட முடியும். எனவே உணவை மாற்றாமல் நடையை மட்டும் நம்புபவருக்கு எடை பெரிதாகக் குறைவதில்லை. இதைக் கண்டு நடப்பதால் பயனில்லை என்று முடிவுகட்டுவோரிடம் நான் மீண்டும் மீண்டும் சொல்லிவந்தது ஒன்றுதான்: எடையைக் குறைப்பதில் உணவின் பங்கே பெரிது, குறைந்த எடை திரும்ப ஏறாமல் காப்பதிலும், இதயம், இரத்தக் குழாய், எலும்பு, தசை, உறக்கம், மனநிலை ஆகியவற்றை நல்ல நிலையில் வைத்திருப்பதிலும் உடற்பயிற்சியின் பங்கு மிகப் பெரிது. எடை ஒரு கிராம்கூட இறங்காத வாரத்திலும் அந்தப் பயன் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையில்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளக் கூடியது என்ற ஒரு செய்தியே, உணவுக்குப் பின் சிறிது தூரம் நடப்பதற்குப் போதுமான காரணமாகும்.

இதை உறுதிப்படுத்தும் ஆய்வுகள் புதியவை அல்ல. இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஆராய்ந்த ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞர், நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களிடம் மாரடைப்பு கணிசமாகக் குறைந்திருந்ததை 1953-ஆம் ஆண்டு வெளியிட்டார். ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே பெரிய இடுப்பளவுள்ள சீருடை வாங்கியவர்கள் என்பதை, தன் முடிவின் வலுவைக் குறைக்கக்கூடியதாக இருந்தும், பின்னர் அவரே கண்டறிந்து வெளியிட்டதை, ஆராய்ச்சி நேர்மைக்குச் சான்றாக இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அதன் பின்னர் வந்த ஆய்வுகளில் என் மனத்தில் ஆழப் பதிந்தது, 2002-இல் அமெரிக்காவில் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த 3,234 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்கு உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பதுபோன்ற உழைப்பில் ஈடுபடுவதும் இலக்காக வைக்கப்பட்டன. வேறொரு பிரிவினருக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டது. சராசரியாக மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்ற பிரிவினரோடு ஒப்பிட, மெட்ஃபார்மின் பெற்றவர்களுக்கு நீரிழிவு வருவது 31 சதவீதமும், வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களுக்கு 58 சதவீதமும் குறைந்தது. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 சதவீதம் என்பது 5.6 கிலோ. அதைக் குறைத்தவரின் படத்தை எந்த நாளிதழும் 'முன், பின்' என்று போடப்போவதில்லை. கண்ணுக்கு வேறுபாடு தெரியவே தெரியாது. ஆனால் ஒரு நோயின் வருகையைப் பாதிக்கு மேல் தடுத்தது அந்த அளவு மாற்றந்தான்.

உடற்பயிற்சியென்றால் நடைப்பயிற்சி என்று மட்டும் எழுதிவிடுவது இன்னொரு பெரிய குறை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையோ 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பையோ பரிந்துரைப்பதோடு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் உடலின் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் கூறுகிறது. கட்டுரைகளில் முதற்பாதி இடம்பெறுகிறது, பின்பாதி காணாமற்போகிறது. உணவை மட்டும் குறைத்து எடையை இறக்குபவர் இழக்கும் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கக்கூடும் என்பதையும், முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை தானாகவே குறைந்துவருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பின்பாதி எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும். இதற்குக் கருவிகள் நிறைந்த பயிற்சிக்கூடம் கட்டாயமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுத்தல், சுமையைத் தூக்கி நடத்தல் ஆகியவற்றில் தொடங்கி, உடல் பழகப் பழக எண்ணிக்கையையோ சுமையையோ சிறிது சிறிதாகக் கூட்டிவந்தால் போதும். கூட்டுவதை மறந்தால் மட்டும் மேலும் வலுக்கூடுவது நின்றுவிடும்.

மிதமான உழைப்பு என்பதை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் 2020-இன் வழிகாட்டுதல் நீக்கிவிட்டது. நேரமில்லை என்று வருந்துவோருக்கு இது முக்கியமான செய்தி. நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி என்ற இலக்கோ 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு சேர்ந்து பரவியது. வயது முதிர்ந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் குறைவாக நடந்தவர்களைவிட, நாளுக்கு 4,400 காலடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 காலடிக்கு மேல் கூடுதல் குறைவு காணப்படவில்லை.

அன்றாட உணவைப் பற்றி எழுதுகையில், ஒவ்வொரு வாரமும் ஒரு பொருளை விலக்கவும் வேறொரு பொருளைப் போற்றவும் சொல்வதைத் தங்கள் கட்டுரையாளர்கள் தவிர்க்க வேண்டும் என வேண்டுகிறேன். கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் நான்கு வாரம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கி, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தப்படாத உணவையும் விரும்பிய அளவு உண்டனர். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் சமமாக வைக்கப்பட்டிருந்தும், பதப்படுத்தியதை உண்ட நாள்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, சராசரியாக 0.9 கிலோ ஏறினர். மற்றதில் அதே அளவு இறங்கினர். மன உறுதியில் மாற்றமில்லை, தட்டில் இருந்ததே மாறியது. எனவே வாசகருக்குத் தேவைப்படுவது தடைப்பட்டியலைவிட எளிமையான சில பழக்கங்கள்: ஒவ்வொரு வேளையிலும் பருப்பு வகையோ முட்டையோ மீனோ பாலோ, புரதம் தரும் ஏதேனும் ஒன்று, தட்டில் பாதியளவு காய்கறி, மென்று உண்ண வேண்டிய உணவு, பசி அடங்குவதை உணரும் அளவுக்கு நிதானம். எதையேனும் ஒன்றை முதலில் விட வேண்டுமென்றால் சர்க்கரை கலந்த பானங்களை விடச் சொல்வேன். குடிக்கும் கலோரி பசியை ஆற்றுவதில்லை. எண்ணெயை அளந்து ஊற்றுவதும் அவசியம், ஏனெனில் மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும்போது கொழுப்பு 9 கலோரி தருகிறது.

முன்னேற்றத்தை அளக்கும் முறையையும் தங்கள் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். தசை கூடிக் கொழுப்பு குறைந்தவரின் எடை அப்படியே இருக்கக்கூடும். எடைக் கருவியால் அந்த மாற்றத்தைக் காட்ட முடியாது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா, அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 80-க்குள் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பதும், சென்ற மாதம் மூச்சு வாங்கிய மாடிப்படியில் இப்போது எளிதாக ஏற முடிகிறதா என்று கவனிப்பதும் இன்னும் பயனுள்ளவை. எடை குறைத்தவர்களின் கதைகளை வெளியிடுவதானால், அவர்கள் குறைத்து முடித்த மாதத்தில் பேட்டி காணாமல், இரண்டு ஆண்டு கழித்துச் சென்று கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன். அந்த எடையை எவ்வாறு காத்துவருகிறார்கள், திரும்ப ஏறியிருந்தால் எதனால் ஏறியது, இப்போது என்ன செய்கிறார்கள் என்பவைதாம் வாசகர் அறிய வேண்டிய செய்திகள்.

இன்னொரு வேண்டுகோள் உயிர் தொடர்பானது. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் திடீரென்று உணவைக் குறைத்து உழைப்பைக் கூட்டினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவருக்கும் எடை குறையக் குறைய மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரலாம். இத்தகையோரும், கருவுற்றிருப்போரும், இதய நோயுள்ளோரும் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கலந்துபேச வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும். இந்த எச்சரிக்கையை எடைக்குறைப்புக் கட்டுரை ஒவ்வொன்றுடனும், கட்டுரையின் எழுத்தளவிலேயே, தனிக் கட்டமிட்டு வெளியிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்