பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்

சேரம்பாடி

அன்பு மகளுக்கு,

போனில் எப்போதும் வேலை வேலை என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமில் நீ மாலை வகுப்பு எடுப்பதாகச் சின்னம்மா சொன்னாள். உன் பாட்டி இருந்திருந்தால் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பாள். கூட ஒரு பையனும் பாடம் நடத்துகிறானாம், முகாமிலேயே பிறந்தவனாம். அவனைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்.

1964இல் இலங்கை மலையகத்துத் தோட்டத் தமிழர்களைப் பிரித்துக்கொள்ள நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டபோது அங்கே எவரையும் கேட்கவில்லை. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சித்தப்பா கதை உனக்குத் தெரியும். ஆனாலும் ஊரைப் பிரிந்து ஒப்பாரிக் கோச்சி என்ற அந்த ரயிலில் அழுதுகொண்டு வந்தவர்கள் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தது. இன்று நீ அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுவது அதனால்தான், மறந்துவிடாதே.

1983 கலவரத்துக்குப் பிறகு அதே கடலில் அகதிகளாக வந்தவர்களுக்கு அந்த பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. அவர்களுக்காக என்று 1987இல் இலங்கையோடு ஒப்பந்தம் போட்டு அங்கே படையையும் அனுப்பியது டெல்லி. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. தமிழ்நாட்டில் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2004 டிசம்பருக்குப் பிறகு இங்கே பிறக்கும் குழந்தைக்குத் தாய் மட்டும் இந்தியராக இருந்தால் போதாது. தகப்பன் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்படாதவராகவும் இருக்க வேண்டும். இதை இரண்டு தடவை படி. வகுப்பில் சொல்லிக்கொடுக்க உதவும்.

படித்தவள், எனக்குச் சட்டம் சொல்லித் தருவாய் என்று பெருமைப்பட்டேன். நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முகாமில் இருப்பவர்களில் மலையகத்திலிருந்து வந்தவர்களும் நிறையப் பேர். அப்படிப்பட்டவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அந்தப் பையனின் தாத்தா எந்தத் தோட்டம் என்று விசாரி. ஒப்பந்தக் காலத்தில் மனுப் போட்ட காகிதம், பழைய ரசீது, எது இருந்தாலும் நகல் எடுத்து அனுப்பு. இங்கே விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுகிறேன். யாருக்காக என்று அவர் கேட்டால், மகளின் வகுப்புக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

பாஸ்போர்ட்டை அறையில் வைத்துப் பூட்டு. கைப்பையில் கொண்டு திரியாதே.

அப்பா