மிக்லோஷ் ரத்னோதி கவிதைகளைத் தமிழில் கொண்டுவர நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஹங்கேரியக் கவிஞர் மிக்லோஷ் ரத்னோதி தம் கடைசி மாதங்களில் எழுதிய பத்துக் கவிதைகளையும், அவற்றுக்கு முன் அவர் இயற்றிய ஆயர் பாடல்களையும் (மேய்ப்பர் பாட்டாக அமையும் தொன்மையான கவிதை வடிவம்) மூலமொழியிலிருந்தே தமிழாக்கி, இரு மொழிகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமையும் நூலாக வெளியிட எங்கள் குழு முனைந்துள்ளது. இப்பணிக்குத் தங்கள் பொருளுதவியை வேண்டுகிறோம்.

1909இல் புடாபெஸ்டில் பிறந்த ரத்னோதி, யூதர் என்பதால் மூன்று முறை கட்டாய உழைப்புப் படைக்கு அனுப்பப்பட்டார். மூன்றாம் முறை, 1944 மே மாதத்தில், செர்பியாவின் பொர் செப்புச் சுரங்கப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டவர், அங்கே கிடைத்த ஒரு சிறு குறிப்பேட்டில் தொடர்ந்து எழுதினார். விளக்கில்லாத இருட்டில், எழுத்துகளின் மேற்குறிகளை இடாமல், வரிக்குக் கீழ் வரியாகத் தடவித் தடவி எழுதுவதாக ஏழாம் ஆயர் பாடலில் அவரே சொல்கிறார். புள்ளியில்லாத ஓலைச் சுவடிகளைப் படித்துப் பழகியவர்கள் இவ்வரியை எளிதில் கடந்துவிட மாட்டார்கள். அந்நிலையிலும் அப்பாடல், அவர் முன்பு மொழிபெயர்த்த பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் அறுசீர் அடியில், யாப்புப் பிறழாமல் நடக்கிறது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கைதிகள் ஹங்கேரி வழியாக மேற்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். புறப்படுமுன் ஐந்து கவிதைகளைப் படியெடுத்து, உடனிருந்த சாந்தோர் சலாய் என்பவரிடம் அவர் கொடுத்திருந்தார். நவம்பரில், மேற்கொண்டு நடக்க இயலாதவர்களென ஒதுக்கப்பட்ட 22 பேர் அப்தா என்னும் சிற்றூருக்கருகே சுட்டுப் புதைக்கப்பட்டனர்; ரத்னோதி அவர்களுள் ஒருவர். 1946 ஜூனில் அக்குழியைத் தோண்டியபோது, குறிப்பேடு அவர் உடையின் பையிலேயே இருந்தது. கண்டெடுப்பவர் இதனை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை அதன் முகப்பில் ஐந்து மொழிகளில் எழுதப்பட்டிருந்தது.

ஆங்கில வழியாக மொழிபெயர்த்தால் செலவும் காலமும் குறையும் என்று நண்பர்கள் சிலர் அறிவுறுத்தினார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. ஹங்கேரிய மொழியில் உயிரெழுத்தின் குறில் நெடில் வேறுபாடு தெளிவாக இருப்பதால்தான், அளவு சார்ந்த தொன்மையான யாப்பு அதில் இயல்பாகப் பொருந்துகிறது. நேரசையும் நிரையசையும் அதே வேறுபாட்டின்மேல் நிற்கும் தமிழுக்கு இது அரிய வாய்ப்பு. குறில் நெடிலை யாப்பின் அளவாகக் கொள்ளாத இடைமொழியைக் கடந்து வந்தால் அதை இழந்துவிடுவோம். முள்வேலிக்குள் அவர் கைவிடாத ஒழுங்கை, வசதியாக அமர்ந்து மொழிபெயர்க்கும் நாம் கைவிடுவது முறையன்று என்பது எங்கள் உறுதியான கருத்து.

கவிஞர் மறைந்து 70 ஆண்டுகள் கடந்துவிட்டமையால் மூலக் கவிதைகளின் உரிமைக்குச் செலவில்லை. ஒவ்வோர் அடியையும் மூலத்துடன் ஒப்புநோக்கும் ஹங்கேரிய மொழி அறிஞருக்கான மதிப்பூதியம், குறிப்பேட்டுப் பக்கங்களின் படங்களை வெளியிடும் அனுமதி, அச்சுக்கூலி ஆகியவையே முதன்மையான செலவுகள். இவற்றுள் முதலாவதில் சிக்கனம் பார்க்க எங்களுக்கு மனமில்லை.

எவ்வளவு சிறிய தொகையாயினும் நன்றியுடன் ஏற்போம். 1,000 ரூபாயும் அதற்கு மேலும் வழங்குவோருக்கு நூலின் ஒரு படி அனுப்பப்படும். வங்கிக் கணக்கு விவரங்களைக் குழுவின் பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளலாம்; ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது உண்டு. பணி முடிந்தபின் வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
மொழிபெயர்ப்புக் குழுவினர்