தோற்றவரின் பக்கத்தை நீக்கும் முன்

இணையக் கலைக்களஞ்சியங்களைத் தொகுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். தேர்தல் அறிவிப்பு வந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான். வேட்புமனு ஏற்கப்பட்ட கையோடு புதுப் பக்கங்கள் முளைக்கின்றன. கைகூப்பிய படம், முதல் வரியிலேயே ‘சமூக சேவகர்’ பட்டம், சான்றுக்கு வேட்பாளரின் சொந்த முகநூல் பதிவும் கட்சி நாளேடும். வாக்கு எண்ணி முடிந்ததும் பக்கத்தை எழுதியவர் காணாமல் போகிறார். ஆட்சி மாறி, அடுத்த தேர்தலும் வந்த பிறகுகூட அந்தப் பக்கத்தில் வேட்பாளர் ‘போட்டியிடுகிறார்’. இவற்றை நீங்கள் நீக்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் மட்டும் 1033 பேர் களத்தில் நின்றார்கள். மனுத் தாக்கல் செய்ததே தகுதி என்றால், அந்த ஒரு தொகுதிக்காகவே கலைக்களஞ்சியத்தில் தனித் தொகுதி ஒன்று போட வேண்டியிருக்கும்.

என் மனக்குறை வேறு. ஒரு பக்கம் இருக்கலாமா கூடாதா என்று தொகுப்பாளர்கள் விவாதிக்கும் நீக்கல் உரையாடல்களில் ‘வெற்றி பெறவில்லை, நீக்கலாம்’ என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு நகர்வது சரியல்ல. பலரும் மேற்கோள் காட்டும் ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டலே அப்படிச் சொல்லவில்லை. வேட்பாளராக நின்றது மட்டுமே குறிப்பிடத்தக்கமைக்கு, அதாவது தனிப் பக்கம் பெறும் தகுதிக்கு, உத்தரவாதம் ஆகாது என்கிறது. அதே மூச்சில், சார்பற்ற ஊடகங்கள் ஒருவரைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால் பொது விதியின்படி அவருக்கு இடம் உண்டு என்றும் சொல்கிறது. முதல் பாதியைப் படித்துவிட்டுப் பக்கத்தை மூடினால், உத்தரவாதம் இல்லை என்பது இடமே இல்லை என்று ஆகிவிடுகிறது.

இதன் விளைவை 2020-இல் பார்த்தோம். ஐயோவா மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்கு நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றவர் தெரசா கிரீன்ஃபீல்ட். நாடே கவனித்த போட்டி. பதவியில் இருந்த ஜோனி ஏர்ன்ஸ்டுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கம் இருந்தது. எதிர்த்து நின்றவருக்கோ நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, தேர்தல் நெருங்கிய வேளையில்தான் தனிப் பக்கம் கிடைத்தது. யாரும் சதி செய்யவில்லை. விதியைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர்கள்தான் தடுத்தார்கள். ஆனால் வாக்காளர் தேடியபோது ஒருவருக்கு வாழ்க்கை வரலாறு கிடைத்தது, மற்றவருக்குத் தேர்தல் பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் கிடைத்தது. நடுநிலை என்று நாம் நம்பிச் செய்வது பதவியில் இருப்பவருக்குச் சாதகமாக முடிகிறது. கிரீன்ஃபீல்ட் அந்தத் தேர்தலில் தோற்றார். அதனால் அவரைப் பற்றி நாளேடுகள் அதுவரை எழுதியவை இல்லாமல் போய்விடுமா?

‘வென்ற பிறகு எழுதிக்கொள்ளலாமே’ என்பீர்கள். நார்மன் தாமஸ் சோசலிஸ்டுக் கட்சி வேட்பாளராக 1928 முதல் 1948 வரை ஆறு முறை அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றார். ஒரு முறைகூட வெல்லவில்லை. அவரை விட்டுவிட்டு அந்தக் காலத்து அமெரிக்க இடதுசாரி அரசியலை எழுத முடியாது. 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நின்று தோற்ற கமலாதேவி சட்டோபாத்யாயா கைவினைத் துறைக்கும் நாடகத்துக்கும் செய்த பணிகளாலேயே இடம் பெறுவார், உண்மைதான். ஆனால் பெண்கள் வேட்பாளராக நிற்பதே புதுமையாக இருந்த காலத்தில் அவர் நின்றார் என்பது அந்த வாழ்க்கையில் சிறு குறிப்பு அல்ல. இன்னொரு பக்கம் மேட்டூர் பத்மராஜன். 200-க்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று தோற்றதற்காகவே அறியப்பட்டவர். அவர் வென்றிருந்தால்தான் சிக்கல்.

நீக்குவதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. அதை ஏனோ நீங்கள் அபூர்வமாகவே எடுத்துவைக்கிறீர்கள். ஒரு முறை நின்று, தோற்று, பழைய வேலைக்கே திரும்பிய ஒருவரைப் பற்றிக் கிடைப்பவை இரண்டு செய்திகள்தான் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று பிரசாரத்தில் எதிர்த்தரப்பு கிளப்பிய குற்றச்சாட்டு. அதை வைத்துப் பக்கம் எழுதினால், அதுவே அவருடைய முழு வாழ்க்கை என்று ஆகிவிடும். வேலை கேட்டுப் போகும் இடத்திலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். இத்தகையவருக்குப் பக்கம் இல்லாதிருப்பதே நாம் செய்யும் மரியாதை.

ஆகவே நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பெரும்பாலான வேட்பாளர்களுக்கு அந்தந்தத் தேர்தல் பக்கமே போதும். பெயரைத் தேடுபவர் அங்கே போய்ச் சேரும்படி வழிமாற்றிவிடுங்கள். அடியோடு நீக்காமல் வழிமாற்றினால் பழைய தொகுப்பு வரலாறு அப்படியே இருக்கும், பின்னாளில் சான்று சேரும்போது ஒருவர் அதை விரித்தெழுதலாம். பிரசாரம் தொடங்குவதற்கு முன்பிருந்தே சார்பற்ற இடங்களில் எழுதப்பட்டவராக இருந்தால், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பதவியில் இருப்பவரின் பக்கத்தில் தேர்தல் நேரத்தில் சேரும் சாதனைப் பட்டியலையும் இதே கண்டிப்போடு பாருங்கள். நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், எந்தச் சான்றுகளைப் பார்த்தீர்கள், அவை ஏன் போதவில்லை என்று நீக்கல் உரையாடலில் இரண்டு வரி எழுதிவிட்டு நீக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்