தூரத்தை வகுத்தா நேரம் வந்துடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல சிங்கப்பூர் - நியூயார்க் விமானத்தைப் பத்தி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர், அது சரிதான். ஆனா விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்துல போகும்னு வச்சு, அதை 900ஆல வகுத்து பயண நேரம் 17 மணின்னு போட்டுட்டீங்க, அங்கதான் இடிக்குது. டைம்டேபிளை எடுத்துப் பாருங்க, பதினெட்டரை மணிக்கு மேலயே காட்டும்.

அந்த 15,300ங்கறது பூமி உருண்டை மேல ஒரு நூலை இழுத்துக் கட்டினா வர்ற தூரம், அவ்வளவுதான். விமானம் அந்தக் கோட்டுலயே போகணும்னு ஒண்ணும் இல்ல. நூல் வட துருவத்துப் பக்கமா போகும், ஆனா நியூயார்க் போற விமானம் பெரும்பாலும் பசிபிக் கடல் மேல சுத்திக்கிட்டுதான் போகுது, ஏன்னா அங்க மேக்கேருந்து கிழக்க அடிக்கிற ஜெட் ஸ்ட்ரீம் காத்து பின்னாடிலேருந்து தள்ளும், கிலோமீட்டர் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். இதுல போதாக்குறைக்கு டிக்கெட்ல போடுற நேரம் வானத்துல பறக்குற நேரம் மட்டும் இல்ல, கேட்லேருந்து நகர்ந்து ரன்வேக்கு ஊர்ந்து போறது, இறங்கினப்புறம் பார்க்கிங் வரைக்கும் போறது எல்லாம் அதுலதான் அடக்கம்.

காத்து எவ்வளவு விளையாடும்னா, லண்டன் - நியூயார்க் ரெண்டு பக்கமும் ஒரே 5,500 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா நியூயார்க் போறப்ப சுமார் 8 மணி, திரும்பறப்ப 7 மணி. 2020 பிப்ரவரில புயல் காத்து தள்ளின தள்ளுல ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்லேருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்கும் கம்மியா வந்து சேர்ந்துச்சு. இதுக்கு எந்த வகுத்தல் கணக்கு போடுவீங்க?

அப்புறம் அரசியல் வேற. ஹெல்சிங்கி - டோக்கியோ முன்னாடி ஒன்பதரை மணி போலதான் ஆச்சு, 2022ல ரஷ்யா வான்வெளி மூடினதும் பின்லாந்து விமான கம்பெனி ஃபின்ஏர் துருவத்து மேலயும் தெக்கால சுத்தியும் போக ஆரம்பிச்சு 13 மணி வரைக்கும் இழுத்துடுச்சு. ரெண்டு ஊருக்கும் நடுவுல தூரம் ஒரு அடி கூட மாறல.

அதனால இனிமே தூரம் போட்டா அது நேர்க்கோட்டுத் தூரம்னு சொல்லிடுங்க, நேரத்தை மட்டும் விமான கம்பெனி அட்டவணைலேருந்து எடுத்து போறதுக்கும் வர்றதுக்கும் தனித்தனியா போடுங்க. அடுத்த இதழ்ல சிட்னி - லாஸ் ஏஞ்சல்ஸ்னு அறிவிப்பு பாத்தேன், கொஞ்சம் பயமாவே இருக்கு. சிட்னில காலைல கிளம்பினா அங்க அதே தேதி விடியக்காலைலயே இறங்கிடலாம், நடுவுல தேதிக்கோடு இருக்குல்ல, அதைக் கிழக்கால தாண்டினா தேதி ஒரு நாள் பின்னாடி போயிடும். இறங்கற நேரத்துலேருந்து கிளம்பற நேரத்தைக் கழிச்சா மைனஸ்ல வரும், அதையும் பெட்டி கட்டிப் போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்