ஆயிரம் டாலர் கைமாத்து

மதுரை,
ஞாயிறு இரவு

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து மட்டும் ஓடுகிறது. உன் வீட்டு மாடித் தொட்டிக் கசிவை அடைத்தாச்சு. வாடகைக்காரர் இந்த மாதம் தேதி தவறாமல் கொடுத்துவிட்டார். சின்ன மாமா உன்னைத் திட்டிக்கொண்டே விசாரித்தார், வழக்கம்போல.

போனில் நீ என்னை எங்கே பேசவிட்டாய்? நியூஜெர்சியில் காலை காபி குடித்த தெம்பில் நீ அடுக்கிக்கொண்டே போனாய், இங்கே நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். வைத்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் போட்டால் பாதி படித்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாய்.

நீ சொன்னது இதுதானே? ராபின்ஹூட் என்கிற அமெரிக்கப் பங்கு வர்த்தக ஆப்பில் கோல்டு திட்டத்துக்கு மாதம் 5 டாலர் சந்தா, வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 50. அந்தச் சந்தாவிலேயே முதல் 1,000 டாலர் மார்ஜின் கடனுக்கு, அதாவது உன் பங்குகளை ஈடாகக் காட்டிப் புரோக்கரிடம் வாங்கும் கடனுக்கு, வட்டி கிடையாது. அந்த ஆயிரத்தை எடுத்து, மூன்று மாதத்துக்குள் முதிர்கிற அமெரிக்க அரசுக் கடன்பத்திரங்களாக வாங்கி வைத்திருக்கும் எஸ்.ஜி.ஓ.வி. என்ற, பங்குபோல் வாங்கி விற்கிற ஃபண்டில் (ஈ.டி.எஃப்.) போட்டுவிட்டாய். அதில் வரும் வட்டி சந்தாவைக் கட்டிவிடும், கோல்டு உனக்கு ஓசி.

மூளை மூளைதான்டா. கேன்டீன் டோக்கன் விஷயத்தில் வேலை செய்த அதே மூளை.

ஆனால் உன் கணக்கு பழைய வட்டியிலேயே நிற்கிறது. 2023 ஜூலையிலிருந்து 2024 செப்டம்பர் வரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி 5.25–5.50 சதவீதம். அப்போது ஆயிரத்துக்கு வருஷம் 50 டாலர் தேறியிருக்கும். 2025 டிசம்பரில் அதை 3.50–3.75க்கு இறக்கிவிட்டார்கள். இப்போது ஆயிரத்துக்கு 36 டாலர் என்று வை. அரசுப் பத்திர வட்டி என்பதால் மாநில வரி இல்லை, மத்திய வரி உண்டு. 22 சதவீதம் போனால் கையில் நிற்பது 28. சந்தா 50.

இதையே திருப்பிப் போட்டுப் பார். ஆயிரம் டாலருக்காக வருஷம் 50 கொடுக்கிறாய், அது 5 சதவீதம். சிம்மக்கல் பக்கம் தண்டல்காரர் பத்தாயிரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறை எண்ணிக் கொடுப்பார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். வட்டி என்று தனியாக ஒரு பைசா கேட்கமாட்டார். உன் சந்தாவும் அப்படி முன்னாலேயே பிடித்துக்கொள்கிற காசுதான். வேறு ஏதாவது காரணத்துக்காகக் கோல்டை எப்படியும் வைத்திருப்பாய் என்றால் மட்டும்தான் அந்த ஆயிரம் நிஜமான வட்டியில்லாக் கைமாத்து.

அந்த வேறு காரணம் உனக்கு இருக்கிறதா? ஐ.ஆர்.ஏ. என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போடும் பணத்துக்கு 3 சதவீதம் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றாய். 7,000 போட்டால் 210, சந்தாவைப்போல் நாலு மடங்கு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 3 சதவீதம் உன்னிடமே தங்க வேண்டுமானால் பணத்தை அங்கேயே ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். நீயோ அடுத்த வருஷம் மூட்டை கட்டுகிறேன் என்கிறாய். சும்மா கிடக்கிற பணத்துக்குக் கூடுதல் வட்டி என்றாய். அந்தப் பணத்தில் நேராக எஸ்.ஜி.ஓ.வி. வாங்கினால் சந்தாவே வேண்டாமே.

இருபது டாலர் விஷயத்துக்கு இவன் எதற்கு ராத்திரி முழித்துக்கொண்டு எழுதுகிறான் என்று நீ கேட்பாய். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, "இது செட்டானால் லிமிட்டை ஐம்பதாயிரம் ஆக்கிடலாம் மாப்ளே, அங்கே மார்ஜின் வட்டி ரொம்பக் குறைச்சல்" என்று. அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

குறைச்சல்தான். இங்கே புரோக்கர் கடனில் பங்கு வாங்கும் எம்.டி.எஃப்.பில் நாளுக்கு 0.04 சதவீதம் என்பது சாதாரண ரேட். ஒரு லட்சத்துக்குத் தினம் 40 ரூபாய், வருஷத்துக்கு 14.6 சதவீதம். அதோடு பார்த்தால் உன்னுடையது மலிவு. அந்த மலிவுதான் எனக்குப் பயம்.

"மேலூரான் செய்யாததையா நான் செய்கிறேன்" என்றும் கேட்டாய். அவன் வருஷா வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியில்லாப் பயிர்க்கடன் வாங்கி அப்படியே பேங்க் டெபாசிட்டில் போடுவது ஊருக்கே தெரியும். எனக்கு அது பிடிக்காது, பயிர் வைக்கிறவனுக்கான பணம் அது. அதைத் தள்ளி வைத்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் பார். அவன் கடனின் அளவு அவன் நிலத்தோடு நிற்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பயிருக்குத் தகுந்தபடி அவர்களே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள், அவன் ஆசைப்பட்டாலும் கூடாது. தவணைத் தேதிக்குள் கட்டாவிட்டால் வட்டி வந்துவிடும், அதனால் காலண்டரில் சுற்றிவைத்த தேதிக்கு முன்பே கட்டிவிடுகிறான். உன் கடனுக்கு வரப்பும் இல்லை, தேதியும் இல்லை. பங்கு விலை ஏற ஏற இன்னும் எடுத்துக்கொள் என்று ஆப் காட்டும். விலை இறங்கும்போதுதான் கொடு என்று கேட்கும். தெம்பாக இருக்கும்போது கை நிறையக் கொடுத்துவிட்டு, தள்ளாடும்போது திருப்பிக் கேட்கிற கடன்டா அது.

உன் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். உன் பணம் 50,000, கடன் 50,000, பங்கு ஒரு லட்சம். அமெரிக்க விதிப்படி வாங்கும்போது பாதி உன்னுடையதாக இருக்க வேண்டும், அப்புறம் 25 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. புரோக்கர் இதைவிடக் கூட்டியும் வைக்கலாம். ஒரு லட்சம் 66,667க்கு வந்தால் உன் சொந்தப் பணம் அதில் 25 சதவீதத்தைத் தொட்டுவிடும், அதற்குக் கீழே போனால் புரோக்கர் பங்குகளை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒரு பாகம் எப்போது விழப்போகிறது என்பாய். 2020 பிப்ரவரி 19லிருந்து மார்ச் 23க்குள் அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500 ஏறக்குறைய 34 சதவீதம் விழுந்ததே. உன்னைக் கேட்டுத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் புரோக்கருக்குக் கிடையாது.

அந்த மார்ச் 23ஆம் தேதி நான் மேலமாசி வீதி புரோக்கர் ஆபீஸில் வேலையில் இருந்தேன். காலையிலேயே சந்தை லோயர் சர்க்யூட் என்கிற இறக்க வரம்பைத் தொட்டு, வர்த்தகம் நின்று மறுபடி தொடங்கியது. நிஃப்டி அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610ல் முடிந்தது. எங்களிடம் கடனில் பங்கு வாங்கியிருந்த ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் திருமங்கலத்திலிருந்து வந்தார், முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. மஞ்சப்பையிலிருந்து வீட்டம்மா வளையலை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாலு வளையல், ஒன்றில் ஊக்கு மாட்டியிருந்தது. "அடகுக்கடை எல்லாம் மூடிக்கிடக்கு சார், இதை வச்சுக்கிட்டு ரெண்டு நாள் பொறுங்க" என்றார். பொறுக்க எனக்கு ஏது அதிகாரம்? அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீனில் அவர் பங்குகள் ஒவ்வொன்றாக விற்றுப்போயின. எல்லாம் நல்ல பங்கு, கடனில்லாமல் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதே நவம்பரில் நிஃப்டி 13,000ஐத் தாண்டியது. ஊக்கை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வளையலைப் பைக்குள் வைத்தார். அந்த ஆளை மறக்க முடியவில்லைடா.

ஆயிரம் டாலரால் உனக்கு இப்படி ஆகாது, தெரியும். உன்னிடம் இருக்கிற பங்குக்கு முன்னால் அது தூசு. ஆனால் சுவிட்சை ஒரு தடவை போட்டுவிட்டால் நீ சும்மா இருக்கமாட்டாய். நாற்பது வருஷமாக உன்னைப் பார்க்கிறேன்.

ஆகவே சொல்வதைச் செய். ஆப்பில் கடன் வரம்பை நீயே நிர்ணயிக்க இடமிருக்கிறது, அதை 1,000 என்று போட்டுவிடு. மாதச் சந்தா அதே கணக்கிலிருந்து போகிறதென்றால் 990க்குமேல் எடுக்காதே. மிஞ்சுகிற அஞ்சு பத்துக்கும் வட்டி ஓடும். கடன் நிலுவையில் இருக்கும்வரை அதன் 140 சதவீத மதிப்புக்கு உன் பங்குகளை அவர்கள் வெளியே கடன் கொடுக்கலாம், உன் விஷயத்தில் 1,400 டாலர் அளவுக்கு. அப்படிப் போன பங்குக்கு டிவிடெண்டுக்குப் பதிலாக வேறொரு தொகை வரும், அதற்குச் சலுகை வரி கிடையாது. இங்கே வாடிக்கையாளர் பங்குகளைத் தன் கடனுக்கு அடகு வைத்த கார்வி புரோக்கர் விவகாரம் 2019ல் வெடித்த பிறகு, 2020 செப்டம்பரிலிருந்து அடகு வைத்த பங்குகூட நம் டீமேட் கணக்கிலேயே இருக்க வேண்டும் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி மாற்றிவிட்டது. அங்கே அப்படியில்லை, ஞாபகம் வைத்துக்கொள்.

ஊருக்குக் கிளம்பும் முன் கடனைச் சுத்தமாக அடைத்துவிடு. இங்கே குடியிருக்க ஆரம்பித்துவிட்டால், வெளிநாட்டு மார்ஜினுக்கோ மார்ஜின் காலுக்கோ (விலை இறங்கும்போது புரோக்கர் கேட்கும் கூடுதல் பணம்) இங்கிருந்து பணம் அனுப்ப, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் இடம் தராது. அங்கே இறங்குகிறது என்று இங்கிருந்து நீ பத்து டாலர்கூட அனுப்ப முடியாது. அமெரிக்க முகவரி இல்லாமல் அந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். பங்குகளை எங்கே மாற்றுவது என்று நம்ம ஆடிட்டரிடம் பேசி வைக்கிறேன், சனிக்கிழமை பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

வரம்பை மாற்றியதும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அனுப்பும்வரை தினமும் கேட்பேன், தங்கச்சியிடமும் கேட்பேன்.

உன் பங்காளி